மன்னார்குடியிலிருந்து மோக்லாவாஸ் வரை: அர்னா ஜர்னா பாலைவன அருங்காட்சியகத்துக்கு முதல் முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ராஜஸ்தானின் ஜோத்பூர் நகருக்கு வெளியே, மோக்லாவாஸ் என்னும் சிற்றூரை ஒட்டி, ஒரு காலத்தில் மணற்கல் வெட்டியெடுத்த கல்குவாரி நிலத்தில் அர்னா ஜர்னா என்ற பாலைவன அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நாங்கள் இரண்டு முறை பயணப்பட்டோம். முதல் பயணத்தில், அறுபத்தெட்டு வயதான என் அத்தையையும் அழைத்துக்கொண்டு இரண்டு இரவுகள் ரயிலில் சென்று இறங்கியும், அருங்காட்சியகத்தின் வாசலைக்கூடப் பார்க்காமல் திரும்பினோம். அடுத்த ஆண்டு சென்றபோது ஒரு முழு முற்பகலை அங்கே கழித்தோம். இரண்டு பயணங்களுக்கும் இடையே வழியிலோ வண்டியிலோ பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையில் மட்டுமே வேறுபாடு இருந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கங்களிலிருந்து செல்ல விரும்புவோர் எங்களைப் போல் பணத்தையும் நாளையும் இழக்கக் கூடாது என்பதற்காக அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

நாட்டார் வழக்காற்று அறிஞர் கோமல் கோத்தாரியின் (1929–2004) சிந்தனையில் உருவான இந்த இடத்தில் அரசர்களின் வாளும் நகையும் கிடையாது. துடைப்பம், மண்பாண்டம், நாட்டார் இசைக்கருவி ஆகியவையே காட்சிப் பொருள்கள். கம்பு விளையும் பகுதி, சோளம் விளையும் பகுதி, மக்காச்சோளம் விளையும் பகுதி என்று தானியத்தை வைத்து ராஜஸ்தானைப் பிரித்து, அங்குள்ள மக்களின் வாழ்வைப் புரிந்துகொள்ளலாம் என்பது அவர் வகுத்த முறை. குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லை வைத்தே ஆண்டைக் கணக்கிடும் நமக்கு அந்த முறை எளிதில் பிடிபடும். மணலையும் ஒட்டகத்தையும் மட்டும் பார்க்க விரும்புவோர் நேராக ஜெய்சல்மேர் சென்றுவிடலாம். அவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.

1. அருங்காட்சியக நாளை முதலில் உறுதி செய்யுங்கள், ரயில் பிறகு

நாங்கள் செய்த முதல் தவறு இங்கேதான் தொடங்கியது. ரயிலில் இடம் கிடைப்பது அரிது என்ற பதற்றத்தில் முன்பதிவை முதலில் முடித்துவிட்டு, அருங்காட்சியகம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டோம். இது சீட்டு வாங்கிக்கொண்டு எந்த நேரத்திலும் நுழையக்கூடிய பெரிய அரசு அருங்காட்சியகம் போன்றதன்று. அங்கே உள்ள பொருள்களை விளக்கிச் சொல்ல ஆள் இருந்தால்தான் அவை பேசும். இசைக்கருவியை யாரேனும் வாசித்துக் காட்டினால்தான் அது என்ன கருவி என்பதே நமக்கு விளங்கும். ஆகவே நீங்கள் வரப்போகும் நாளை அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்து, பதில் பெற்ற பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

அருங்காட்சியகத்தை நடத்துவது ரூபாயன் சன்ஸ்தான் என்ற நிறுவனம். அதன் இணையதளத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு, பயண நாளுக்கு எழுபத்தைந்து நாள் முன்னதாகவே ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒரு சுருக்கமான கடிதம் அனுப்புங்கள். எத்தனை பேர், அவர்களில் முதியோர் எத்தனை பேர், எந்த நாள், முற்பகலா பிற்பகலா, எதை முக்கியமாகப் பார்க்க விரும்புகிறீர்கள், இசைக் கலைஞர் ஒருவரைக் கேட்க வாய்ப்பு உண்டா, உண்டு என்றால் அவருக்கு என்ன தர வேண்டும் என்ற கேள்விகள் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். மாற்று நாள் ஒன்றையும் குறிப்பிடுங்கள். பதில் வந்ததும் அதை அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் அங்கே சென்றபின் கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்க இணைப்பு கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு மறுபடியும் ஒருமுறை தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்: வெயிலைவிட விழாவைக் கவனியுங்கள்

பாலைவனம் என்றதும் வெயிலை மட்டும் கணக்கிடுகிறோம். அக்டோபர் முதல் மார்ச் முதல் வாரம் வரை செல்லலாம் என்பது எல்லோரும் சொல்வதுதான். மே மாதத்தில் வெப்பம் 45 பாகையைத் தொடுவதால் அப்போது முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லவே கூடாது. ஆனால் அக்டோபர் இறுதியிலிருந்து டிசம்பர் வரை நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை. புயல் வந்தால் ரயில் ரத்தாகலாம், வயலையும் விட்டு வர முடியாது. தை மாதம் சம்பா அறுவடை. ஆகவே விவசாயக் குடும்பத்தாருக்கு மிகவும் பொருந்துவது அறுவடை முடிந்த பிப்ரவரி நடுப்பகுதி. அந்த நேரத்தில் அங்கே பகல் இதமாகவும் இரவு குளிராகவும் இருக்கும்.

அதற்குச் சற்றுப் பின்னால்தான் ஹோலியும் காத்திருக்கிறது. எங்கள் முதல் பயணம் வீணானது இதனால்தான். ஹோலித் தீ மூட்டும் இரவுக்கு மறுநாளை அங்கே துலந்தி என்கிறார்கள். அன்று தெருவெங்கும் வண்ணப்பொடி வீச்சு நடக்கும். பிற்பகல் வரை ஆட்டோ, வாடகைக் கார், உணவகம் எதையும் நம்ப முடியாது. தமிழ்நாட்டில் அது விடுமுறை நாள் அல்ல என்பதால் நம் நாட்காட்டியைப் பார்த்துத் திட்டமிடும்போது அந்த நாள் கண்ணில் படுவதே இல்லை. நாங்கள் அருங்காட்சியகத்துக்கென்று ஒதுக்கிய ஒரே நாள் துலந்தியாக அமைந்தது. திரும்பும் ரயில் மறுநாள் காலையில் இருந்தது. அத்தை அன்று முழுவதும் விடுதி அறையின் சன்னலருகே உட்கார்ந்திருந்தது இன்னும் என் மனத்தில் இருக்கிறது.

இதை நினைவில் வைக்க எளிய வழி உண்டு. ஹோலிக்குரிய பௌர்ணமி சில ஆண்டுகளில் நம் மாசி மகத்தை ஒட்டியும், சில ஆண்டுகளில் பங்குனி உத்திரத்தை ஒட்டியும் வரும். கும்பகோணத்தில் மகாமகக் குளத்தருகே கூட்டம் சேரும் நாளை ஒட்டி ராஜஸ்தானுக்குப் பயணம் திட்டமிடுகிறீர்கள் என்றால், உடனே ஹோலித் தேதியைப் பாருங்கள். ஹோலிக்கு எட்டாம் நாள் வரும் சீதளாஷ்டமியும் ஜோத்பூரில் விழா நாள். தீபாவளியும் நமக்கு விடியற்காலையோடு முடிந்துவிடுகிறது. அங்கே அன்றைய இரவுதான் பூஜை, அடுத்தடுத்த நாள்களிலும் விடுமுறை தொடரும். ஆவணி, புரட்டாசியை ஒட்டிய நாள்களில் ராம்தேவ்ரா திருவிழாவுக்குச் செல்லும் கூட்டத்தால் அப்பகுதி ரயில்கள் நிரம்பிவிடும்.

3. ரயில்: வாரத்துக்கு ஒன்று என்பதை மறக்காதீர்கள்

டெல்டாவில் இருப்போருக்கு ஒரு நல்ல வசதி உண்டு. மன்னார்குடியிலிருந்து பகத் கி கோட்டி வரை ஒரு விரைவு ரயில் செல்கிறது. பகத் கி கோட்டி என்பது ஜோத்பூரின் புறநகர் நிலையம். அது ஜோத்பூர் சந்திப்பு அல்ல. இரண்டும் சில கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள தனித்தனி நிலையங்கள். முன்பதிவு இணையதளத்தில் ‘ஜோத்பூர்’ என்று மட்டும் தட்டச்சு செய்து தேடினால் இந்த ரயில் கண்ணில் படாமல் போகலாம். மன்னார்குடிக்கு எம்.க்யூ. (MQ), பகத் கி கோட்டிக்கு பி.ஜி.கே.டி. (BGKT) என்ற குறியீடுகளைக் கொடுத்துத் தேடுங்கள். உங்கள் ஊர் நிலையத்தில் அது நிற்குமா என்பதையும் அங்கேயே பாருங்கள்.

இந்த ரயில் வாரத்துக்கு ஒருமுறைதான் ஓடுகிறது. போகும் நாளையும் திரும்பும் நாளையும் அருகருகே எழுதிப் பார்த்தால், அதே ரயிலில் திரும்ப நினைப்பவருக்கு அங்கே ஓரிரு நாளே கிடைக்கும், அல்லது ஒரு வாரத்துக்கு மேல் தங்க நேரும் என்ற சிக்கல் புரியும். இரண்டாம் முறை நாங்கள் போவதற்கு மட்டும் இந்த ரயிலை எடுத்துக்கொண்டோம். திரும்பும்போது ஜோத்பூரிலிருந்து இரவு ரயிலில் டெல்லி, டெல்லியிலிருந்து சென்னை, சென்னை எழும்பூரிலிருந்து மன்னை விரைவு ரயில் என்று பிரித்துக்கொண்டோம். தஞ்சாவூர்ப் பக்கம் செல்வோர் உழவன் விரைவு ரயிலைப் பிடிக்கலாம். மாறும் ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள். குளிர்காலத்தில் வட இந்திய மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது வழக்கம் என்பதால், டிசம்பர், ஜனவரியில் ஒரு முழு நாள் இடைவெளிகூட மிகையாகாது.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கிறது. 2024 அக்டோபர் 31 வரை இருந்த 120 நாள் கணக்கை இன்னும் பலர் மனத்தில் வைத்திருக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். உங்கள் கணக்கில் ஆதார் சரிபார்ப்பை ஒரு வாரம் முன்னதாகவே முடித்து வையுங்கள், ஏனெனில் தட்கல் முன்பதிவுக்கு அது கட்டாயமாகிவிட்டது. தட்கல் குளிர்சாதன வகுப்புக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்கும், படுக்கை வகுப்புக்கு 11 மணிக்கும் திறக்கும். ஆனால் வாரம் ஒருமுறை ஓடும் ரயிலுக்குத் தட்கலை நம்பிக் குடும்பத்தோடு புறப்படத் திட்டமிடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. இணையத்தில் எடுத்த சீட்டு காத்திருப்போர் பட்டியலிலேயே இருந்துவிட்டால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறினால் சீட்டில்லாப் பயணியாகவே கருதுவார்கள்.

ஒருவர் வர முடியாமல் போனால், அந்தச் சீட்டை வேறொருவர் பெயருக்கு மாற்ற ரயில் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பு முன்பதிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன், மனைவி, மகன், மகள் ஆகியோருக்கு மட்டுமே மாற்றித் தருவார்கள். அத்தை சீட்டைச் சித்தி பெயருக்கு மாற்ற முயன்று நாங்கள் ஒரு காலைப்பொழுதை இழந்தோம்.

4. ஆவணங்கள்

பெரியவர்கள் ஒவ்வொருவரும் புகைப்படம் உள்ள மூல அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று ரயிலில் நினைக்கலாம். விடுதியில் ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள். நம் பெயர் முறை இங்கே ஒரு தடையாகிறது. முதலெழுத்து சீட்டில் முன்னால் இருக்கும், ஆதாரில் தந்தை பெயர் விரிந்து பின்னால் இருக்கும், வாக்காளர் அட்டையில் இரண்டுமே இராது. நம் ஊரில் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. அங்குள்ள விடுதிப் பொறுப்பாளருக்கு அது இரண்டு வேறு ஆட்களின் பெயராகத் தோன்றுகிறது. எந்த அட்டையைக் கொண்டு செல்லப் போகிறீர்களோ அதில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து மாறாமல், ரயில் சீட்டிலும் விடுதிப் பதிவிலும் பெயரைக் கொடுங்கள்.

மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்று வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் உடன் வந்தால், அவர்களுடைய வருகையை விடுதி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சிறிய விடுதிகள் சில இந்த வேலைக்கு அஞ்சி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. பதிவு செய்யும்போதே, வெளிநாட்டவரை ஏற்பீர்களா என்று எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள். கல்லூரி மாணவர்கள் அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். ஜோத்பூரில் மற்ற அருங்காட்சியகங்களுக்கும் போவீர்கள் என்றால் கட்டணச் சலுகைக்கு அது உதவும்.

5. செலவுக் கணக்கு

ரயில் கட்டணம் படுக்கை வகுப்பில் ஒருவருக்கு ஒரு வழிக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி இருக்கும். மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பு அதைப்போல் இரண்டரை மடங்கு. முதியோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பழைய நினைவில் அதைக் கழித்துக் கணக்குப் போடாதீர்கள். இரண்டு இரவுகள் புழுதிக் காற்றில் போக வேண்டியிருப்பதால், முதியோர் இருந்தால் குளிர்சாதன வகுப்புக்குச் செலவிடுவதே நியாயம்.

அருங்காட்சியக நுழைவுக் கட்டணம் உங்கள் செலவில் மிகச் சிறிய பகுதிதான். பெரிய செலவு அங்கே போய்வரும் வண்டிக்கே ஆகும். நாங்கள் நால்வரும் காத்திருப்பு உட்பட அரை நாளுக்கு 1,800 ரூபாய் பேசிச் சென்றோம். தனியாகச் செல்வோருக்கு இந்தத் தொகை பாரமாக இருக்கும். மூவர், நால்வராகச் சேர்ந்து போங்கள்.

இசைக் கலைஞருக்குத் தர வேண்டியதைத் தனியாக, ரொக்கமாக, ஓர் உறையில் எடுத்து வையுங்கள். அதை அன்பளிப்பு என்று நினைத்துக் கையில் கிடைத்த சில்லறையைக் கொடுக்காதீர்கள். அது அவர்களுடைய தொழில். நம் ஊரில் நாகஸ்வரக் கலைஞருக்குத் தாம்பூலத்தில் வைத்துத் தருவதை எப்படி மதிப்போடு செய்வோமோ, அப்படியே அங்கும் செய்ய வேண்டும். கடைகளில் கைப்பேசிப் பணம் செல்லும். குவாரிப் பக்கத்தில் இணைப்பை நம்ப வேண்டாம்.

6. ஜோத்பூரிலிருந்து மோக்லாவாஸ்

நகரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். இந்தக் கட்டத்தில் மூன்று இடங்களில் தவறு நேரலாம்.

முதலாவது, பெயர்க் குழப்பம். அர்னா ஜர்னா என்றால் காடும் அருவியும் என்று பொருள். அந்தப் பெயரில் மழைக்காலத்தில் நீர் விழும் ஓர் அருவியும் கோயிலும் பக்கத்திலேயே உள்ளன. உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்தது அதுதான். எங்கள் ஓட்டுநர் நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். வண்டி பேசும்போதே “ஜர்னா நஹீன், மியூசியம், மோக்லாவாஸ் காவ்” (அருவி அல்ல, அருங்காட்சியகம், மோக்லாவாஸ் கிராமம்) என்று தெளிவாகச் சொல்லி, வரைபடத்தையும் காட்டுங்கள்.

இரண்டாவது, விடுதியில் விற்கப்படும் கிராமச் சுற்றுலா. பிஷ்னோய் சமூகத்தார் வாழும் கிராமங்களுக்கு அழைத்துச் செல்லும் அந்தச் சுற்றுலாவில் குயவரையும் நெசவாளரையும் பார்க்கலாம். அதற்குத் தனிச் சிறப்பு உண்டு. ஆனால் அது இந்த அருங்காட்சியகத்துக்குச் செல்வதில்லை. ‘கிராம மியூசியம் எல்லாம் இதிலேயே அடங்கும்’ என்று சொன்னால், அர்னா ஜர்னா என்ற பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, திரும்பும் வண்டி. அங்கே சாலையில் நின்றால் ஆட்டோ வராது. செயலி வழியே அழைத்தாலும் யாரும் ஏற்பதில்லை. போகவும் வரவும் காத்திருக்கவும் சேர்த்து ஒரே தொகை பேசி, பாதியை மட்டும் முன்னால் கொடுத்து, மீதியை விடுதி வாசலில் கொடுங்கள். “வாபஸ் பீ லே ஜானா ஹே” (திரும்பவும் அழைத்துச் செல்ல வேண்டும்) என்ற ஒரு வாக்கியம் போதும்.

காலை ஒன்பது மணிக்குள் புறப்படுங்கள். நண்பகலுக்குப் பின் அந்தக் கல்தரை பிப்ரவரியிலும் சுடும்.

7. உள்ளே சென்றபின்

குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். துடைப்பத்தைப் பார்க்க மூன்று மணி நேரமா என்று எங்களோடு வந்த தம்பியும் கேட்டான். மூஞ்ச் என்னும் புல், கீம்ப் செடி, ஈச்ச ஓலை என்று எந்தப் பகுதியில் எது விளைகிறதோ அதிலிருந்தே அந்தந்த ஊரின் துடைப்பம் உருவாவதை ஒருவர் பொறுமையாக விளக்கியபோது, எங்களில் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் பெருக்குவது வேறு, வாசலையும் தொழுவத்தையும் பெருக்குவது வேறு. வீட்டுத் துடைப்பத்தை லட்சுமியாக எண்ணிக் காலால் மிதிக்க மாட்டார்கள் என்று அவர் சொன்னதும், அத்தை உடனே, விளக்கு வைத்த பிறகு நம் வீட்டில் பெருக்குவதில்லை என்றும், தென்னை ஈர்க்கு விளக்குமாறு வாசலுக்கும் பூந்துடைப்பம் கூடத்துக்கும் என்றும் தமிழிலேயே சொல்லத் தொடங்கினார். நான் எனக்குத் தெரிந்த இந்தியில் மொழிபெயர்த்தேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். உங்கள் வீட்டுப் பெரியவர்களை முன்னால் நிற்க வையுங்கள். கேட்கவும் சொல்லவும் அவர்களிடமே அதிகம் இருக்கிறது.

இசைக்கருவிகளில் மோர்ச்சங் நம் மோர்சிங்கின் உடன்பிறப்பு, பார்த்தவுடன் தெரிந்துகொள்வீர்கள். மாங்கணியார் என்ற பரம்பரை இசைச் சமூகத்துக் கலைஞர்கள் வாசிக்கும் கமாய்ச்சா, மரக்குடத்தின் மேல் ஆட்டுத்தோல் போர்த்தி, வில்லால் இழைத்து வாசிக்கும் நரம்புக் கருவி. எதையும் கேட்காமல் தொடாதீர்கள். வாசிப்பைப் பதிவு செய்வதற்கும் படம் எடுப்பதற்கும் கலைஞரிடமே அனுமதி கேளுங்கள். பதிவை இணையத்தில் வெளியிடப் போவதாக இருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள்.

வெளியே உள்ள செடி கொடிகளையும் விட்டுவிடாதீர்கள். அங்கே கேஜ்ரி என்று சொல்லி நிழலுக்கும் காய்க்கும் மக்கள் போற்றுகிற மரம், நம் சிவன் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான். அதன் காயே சாங்ரி. உணவகத்தில் கேர் சாங்ரி என்று கேட்டால் அதைச் சமைத்துத் தருவார்கள்.

தரை சமமாக இராது. பிடிப்புள்ள செருப்பு வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களுக்குக் கைத்தடி கட்டாயம்.

8. உணவும் உடம்பும்

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் மதிய உணவும் நகரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். கம்பு ரொட்டி நம் வயிற்றுக்குப் புதிது. முதல் நாளே நிறையச் சாப்பிட வேண்டாம். மத்தானியா மிளகாயின் காரம் முதியோருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். காவிரிக்கரை ஈரத்தில் வாழ்ந்த நமக்கு அந்த வறண்ட காற்றில் உதடும் குதிகாலும் இரண்டே நாளில் வெடிக்கும். தேங்காய் எண்ணெய்ச் சிமிழ் ஒன்று போதும். இரவுக் குளிருக்குக் கம்பளிச் சட்டை, காதை மூடும் துணி, கனமான போர்வை மூன்றும் வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கும்.

9. திரும்பும்போது

அருங்காட்சியக நாளுக்கும் திரும்பும் ரயிலுக்கும் இடையே ஒரு முழு நாளை வெறுமையாக விடுங்கள். குறித்த நாளில் ஏதேனும் தடங்கல் வந்தால் அந்த நாள் கைகொடுக்கும்; தடங்கல் இல்லையென்றால் மெஹ்ரான்கட் கோட்டையையும் மண்டோர் தோட்டத்தையும் பார்க்கலாம். முதல் பயணத்தில் எங்களிடம் அந்த ஒரு நாள் இருந்திருந்தால், இரண்டாம் பயணமே தேவைப்பட்டிருக்காது.

மண்பாண்டம் வாங்கினால் துணிகளுக்கு நடுவே வைத்துக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைக்கு அடியில் தள்ளினால் டெல்லி வருவதற்குள் உடைந்துவிடும். துடைப்பம் வாங்குவோர் அதைப் பழைய வேட்டியில் சுற்றி மேல் படுக்கையில் படுக்கை வாட்டமாக வையுங்கள். அத்தை வாங்கிய துடைப்பம் அப்படித்தான் நீடாமங்கலம் வரை ஒரு ஈர்க்குகூட ஒடியாமல் வந்து சேர்ந்தது.